கோற்கலையும் தற்காப்பும்

மாத்தளை நகருக்குத் தென்கிழக்கே மலையேறிச் செல்லும் பாதை எல்கடுவவை அடைகிறது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குச் சாரல் அது. அருகே ஹுன்னஸ் அருவி வீழ்கிறது, சுற்றிலும் தேயிலை. சிங்கள மொழியில் 'கடுவ' என்பது வாளைக் குறிக்கும் சொல். ஊர்ப்பெயரின் ஈற்றில் அவ்வொலி கேட்பதனாலேயே அங்கு வாட்போர் நிகழ்ந்ததென்று கதை கட்ட வேண்டியதில்லை. ஆயினும், படைக்கலம் பயிலும் கலைகளைப் பற்றிப் பேசுவதற்கு இவ்வூர் பொருத்தமானதே. அதற்குரிய காரணம் அங்கு வாழும் மக்களின் வரலாற்றில் இருக்கிறது.

19-ஆம் நூற்றாண்டிலே காப்பித் தோட்டங்களை நாடித் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து, கால்நடையாகவே மாத்தளையை அடைந்தனர். பசியாலும் நோயாலும் வழியிலேயே மாண்டோர் பலர். எஞ்சியோர் தம்முடன் காமன் கூத்தையும், பொன்னர் சங்கர் கதையையும், சிலம்பத்தையும் கொண்டுவந்து மலையில் ஊன்றினர். சிலம்பு என்னும் சொல்லுக்கு ஒலி என்றும் மலை என்றும் பொருளுண்டு. கம்பு காற்றைக் கிழிக்கும் ஒலியே கலைக்குப் பெயராயிற்று என்பர். மலைநாட்டில் வந்து தங்கிய கலைக்கு இரண்டாவது பொருளும் பொருந்தி வந்தது தற்செயல்தான். என்றாலும் இனிய தற்செயல்.

சிலம்பம் பயில வரும் மாணாக்கனுக்கு வாத்தியார் முதலில் கற்பிப்பது காலடி. முன்வைத்தல், பின்வாங்குதல், பக்கம் மாறுதல், திரும்புதல் ஆகியவை பழகிய பின்னரே கம்பின் வீச்சு. நெற்றி உயரத்துக்கு நறுக்கிய மூங்கிற் கம்பே பெரும்பாலும் வழங்குவது. அது கைவந்த பின் மான்கொம்பு, வாள், கேடயம், சுருள்வாள் என்று பயிற்சி விரியும். கம்பின்றி வெறுங்கையால் பொருதுவது குத்துவரிசை. சிங்கள மக்களின் அங்கம்பொரவிலும் வெறுங்கைப் போரும் படைக்கலப் போரும் உண்டு; வளைந்து சுழலும் வாளொன்று அங்கும் உண்டு. ஒரே மலையில் வாழும் இரு மக்களிடம் இத்துணை நெருங்கிய இரு கலைகள் இருந்தும், ஒருவர் கலையை மற்றவர் சென்று பயில்வது அரிதாக இருப்பது வருந்தத்தக்கது.

இனி, கொரியா நாட்டின் செய்தி. 1592-இல் ஜப்பானியப் படை கொரியாவினுட் புகுந்தது. நெருங்கிநின்று பொரும் போரில் தம் வீரர் பின்தங்கியதைக் கண்ட கொரிய அரசு, சீனப் படைத்தலைவர் சீ ஜிகுவாங் எழுதிய நூலைத் துணைக்கொண்டு, 1598-இல் 'மூயே ஜெபோ' என்னும் பயிற்சி நூலை ஆக்குவித்தது. அதில் கூறப்பட்ட படைக்கலங்கள் ஆறு. அவற்றுள் ஒன்று வெறும் கோல். மற்றொன்று பிரம்புக் கேடயம். 1759-இல் ஆறு பதினெட்டாகப் பெருகிற்று. 1790-இல் ஜொங்ஜோ மன்னரின் ஆணைப்படி 'மூயே தோபோ தொங்ஜி' வெளிவந்தது. யீ தொக்மு, பாக் ஜேகா என்னும் அறிஞர் இருவரும் பேக் தொங்சு என்னும் படைவீரரும் சேர்ந்து ஆக்கிய அந்நூலில் இருபத்துநான்கு கலைகள் படங்களோடு விளக்கப்பட்டுள்ளன. ஒவ்வோர் அசைவுக்கும் பெயருண்டு, உருவமுண்டு. சீன எழுத்தறியாத வீரருக்கெனக் கொரிய எழுத்திலும் ஒரு பகுதி சேர்த்தனர். கற்றவர் ஏடெழுத, படைவீரர் ஆடிக்காட்ட, பாமரரும் படிக்க என்று திட்டமிட்ட அரசன் பாராட்டுக்குரியவன்.

1910 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியிலே கொரியர் தம் கலைகளில் பலவற்றை இழந்தனர். எனினும் நூல் நின்றது. பின்வந்தோர் அதைப் பார்த்துப் பழைய ஆட்டமுறைகளை மீட்டெடுக்க முயன்றனர். 1955-இல் டேக்வாண்டோ என்னும் பெயர் சூட்டப்பட்டது. 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் அது பதக்கப் போட்டியாயிற்று. இலங்கையிலும் இளைஞர் பலர் அதனைப் பயில்கின்றனர். ஆனால் போட்டிக்குரிய டேக்வாண்டோவில் எதிரியைப் பற்றிப் பிடிப்பது குற்றம். இடுப்புக்குக் கீழே உதைப்பதும் குற்றம். தெருவில் வழிமறிப்பவன் இவ்விதிகளைப் படித்துவிட்டு வருவதில்லை. பிடியை விடுவித்தலும் படைக்கலப் பயிற்சியும் வேண்டுவோர் ஹாப்கிடோ, குக் சூல் போன்ற வேறு கொரியக் கலைகளை நாடுகின்றனர். சூ இன் ஹியுக் என்பவர் வகுத்த குக் சூலில் நெடுங்கோல், நடுத்தரக் கோல், குறுங்கோல், வாள், கயிறு, கைத்தடி, விசிறி ஆகியவை பயிற்சிக்குரியன. கடைசி மூன்றும் வீட்டுப் பொருள்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அக்கலைகளின் தொடக்கப் பாடங்களில் ஒன்று, பற்றிய பிடியிலிருந்து மணிக்கட்டை விடுவிப்பது. பற்றியவனுடைய நான்கு விரல்கள் ஒருபுறமும் பெருவிரல் மறுபுறமும் நிற்கும். பெருவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடமே வலுக்குறைந்த இடம். கையின் ஒடுங்கிய பக்கத்தை அவ்விடைவெளிக்கு நேராகத் திருப்பி, முழங்கையை மடக்கிக்கொண்டு, உடல் முழுவதையும் ஒருங்கே அசைத்தால் பிடி நழுவும். கையை மட்டும் வெட்டென்று பின்னுக்கு இழுப்பவர் தம் வலிமையை எதிரியின் நான்கு விரல்களோடு மோதவிட்டுத் தோற்கின்றனர். அதன்பின் செய்யவேண்டியது நின்று பொருதுவதன்று. விலகி ஓடிக் கூக்குரலிடுவதே.

எல்கடுவவைப் போன்ற தோட்டப்புறங்களில் இப்பாடம் யாருக்கு வேண்டியது? பொழுது புலர்வதற்கு முன்னர்ப் பெரட்டுக்களத்துக்கு நடப்பவளுக்கும், மாலையில் மலைப்பாதை வழியே பள்ளியிலிருந்து தனியே திரும்பும் சிறுமிக்கும் வேண்டியது. ஆயினும் சிலம்பக்கூடத்தின் வாயில் நெடுங்காலம் ஆண்பிள்ளைகளுக்கே திறந்திருந்தது. திருவிழாவில் அண்ணன் தீப்பந்தம் சுழற்றுவான், தங்கை கைதட்டுவாள். அலங்கார வீச்சு கண்ணுக்கு விருந்துதான். அதனால் அவளுக்கு இருட்டுப் பாதையில் வந்த பயன் ஒன்றுமில்லை.

மற்றொன்றையும் எண்ண வேண்டும். பழைய லயக் காம்பராவின் அளவு ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி. நெற்றி உயரக் கம்பை அதனுள் சுழற்ற இயலாது; இஸ்தோப்பிலும் இயலாது. கொரியரின் குறுங்கோற் பயிற்சி இங்கே நம்மவருக்கு உதவக்கூடியது. ஒரு முழத்துக்கு மேற்படாத கோலொன்று அடிப்பதற்கு மட்டுமன்றி, வரும் அடியைத் தடுக்கவும், மணிக்கட்டையோ முழங்கையையோ அழுத்திப் பிடியைத் தளர்த்தவும் பயன்படும். கொழுந்தெடுக்கும் பெண்ணின் கையில் மட்டக்கம்பு எப்போதும் உண்டு. தேயிலைச் செடியின் தலையைச் சமமாக வைத்துக்கொள்ளப் பயன்படும் அக்கம்பு, பயின்ற கையில் காவற்கோலும் ஆகும். குளவி கலைந்து வருமாயின் கம்பும் கலையும் உதவா. ஓட்டம் ஒன்றே உதவும்.

சட்டம் என்ன சொல்கிறது? இலங்கையின் 1883-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவை, தன் உடலையும் பிறர் உடலையும் காத்துக்கொள்ளும் உரிமையை ஒவ்வொருவருக்கும் அளிக்கிறது. ஆனால் காப்பதற்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யலாகாது. அதிகாரிகளின் துணையை நாடப் போதிய நேரம் இருக்கும்போதும் அவ்வுரிமை இல்லை. விழுந்தவனை மீண்டும் அடிக்கும் அடி காப்பாகாது. சிலம்பப் போட்டியில் கம்பு உடலைத் தொட்டாலே ஒரு கணக்கு. எலும்பை முறிப்பது அங்கு நோக்கமன்று. அவ்வகையில் கையை அடக்கக் கற்பிக்கும் ஆட்டமுறை சட்டத்துக்கும் ஏற்றதே.

கலையைக் கற்பிப்போர் எங்கே என்பதே இறுதியில் எழும் கேள்வி. 1964-ஆம் ஆண்டுச் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகுத்தது. அவ்வாறு ஒரு தோட்டத்து வாத்தியார் கப்பலேறினால் அவருடைய காலடி வரிசை, வீச்சு வரிசை அனைத்தும் அவருடனேயே கப்பலேறின. கொரியரைப்போல ஏட்டில் எழுதி, படம் வரைந்து வைக்கவில்லை. இன்றும் கம்பு சுழற்றத் தெரிந்த முதியவர் உள்ள தோட்டங்களில், எழுதப் படிக்கத் தெரிந்த ஓர் இளம் பெண் அவர் எதிரே குறிப்பேட்டோடு அமர்ந்து, ஒவ்வொரு வரிசைக்கும் அவர் வழங்கும் பெயரைக் கேட்டு எழுதலாம். கால் வைக்கும் இடங்களைச் சுண்ணாம்பால் தரையில் குறித்துக்கொண்டு படமாக வரையலாம். எழுதி முடிந்ததும் அவளே கம்பை எடுத்து, அவர் பார்த்திருக்க, முதல் காலடியிலிருந்து ஆடிக்காட்ட வேண்டும். பிழையுள்ள இடத்தை அவர் அப்போதுதான் திருத்துவார்.