"லூஸ் ஆயிடுச்சு"ன்னு சித்தி சொன்னப்போ

இந்த எபிசோடை ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கன்னு சொல்லலாம்னு நினைச்சேன். அப்புறம் வேண்டாம்னு விட்டுட்டேன். பக்கத்துல அம்மா இருந்தா, ஸ்பீக்கர்லயே போடுங்க.

எனக்குச் சொந்த ஊர் ஆரணி. பட்டுப்புடவை ஆரணி. இப்போ சென்னையில பிசியோதெரபிஸ்டா இருக்கேன். தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ சித்தி என்னைத் தனியா மாடிக்குக் கூப்பிட்டாங்க. வயசு 49. ரெண்டு சுகப்பிரசவம். சித்தப்பா தறியில உட்கார்ந்தா, இவங்க தார் சுத்திக் கொடுப்பாங்க.

போனை நீட்டினாங்க. ஒரு கிளினிக் விளம்பரம். ஆபரேஷன் இல்லாம, லேசர் வெச்சுப் பிறப்புறுப்பை இறுக்கித் தர்றாங்களாம். மூணு சிட்டிங். "சீட்டுப் பணம் வருதுடி. போகலாமா?"

"உங்களுக்கு என்ன பண்ணுது சித்தி?"ன்னு கேட்டேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம் ஒண்ணொண்ணா வந்துச்சு. இருமினா, தும்மினா சிறுநீர் கசியுது. வெளியூர் கிளம்பினா தண்ணியே குடிக்கறதில்ல. உடலுறவுல எரிச்சல், வலி. ரெண்டு வருஷமா ஒதுங்கித்தான் படுக்கறாங்க. "லூஸ் ஆயிடுச்சுன்னு நினைக்கறேன். அவரும் ஒரு தடவை அப்படித்தான் சொன்னார்."

தறியில துணி சரியா வரலன்னா நெசவு வீட்டுல முதல்ல என்ன பண்ணுவாங்க? பாவு தளர்ந்திருக்கா, இழை அறுந்திருக்கா, அச்சுல சிக்கலான்னு பார்ப்பாங்க. அதுக்கப்புறம்தான் கை வைப்பாங்க. 'லூஸ்'ங்கற ஒரே வார்த்தைக்குள்ளயும் இப்படி மூணு வேற வேற பிரச்சினை ஒளிஞ்சிருக்கலாம்.

முதலாவது, தசை. இடுப்பெலும்புக்கு அடியில ஒரு தொட்டில் மாதிரி தசைகள் இருக்கு. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூணையும் தாங்கறது அதுதான். பிரசவம், நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், பளு தூக்கறது, வயசு எல்லாமே அதைத் தளர்த்தும். சித்திக்குச் சிறுநீர் கசியறது இதனால.

இரண்டாவது, ஈஸ்ட்ரோஜன் குறையறது. இந்தியப் பெண்களுக்குச் சராசரியா 46, 47 வயசுல மாதவிடாய் நின்னுடுது. ஹார்மோன் குறைஞ்சதும் யோனிச் சுவர் மெலியும், வறளும். எரிச்சலும் வலியும் பெரும்பாலும் அதனாலதான். கவனிங்க, தளர்வு வலிக்காது. வலிக்கற இடத்தை இன்னும் இறுக்கணும்னு விளம்பரம் சொல்லுது!

மூணாவது, கர்ப்பப்பை இறக்கம். 'அடி இறங்குது'ன்னு நம்ம ஊர்ல சொல்வாங்க. கீழே ஏதோ கனமா, பிதுங்கற மாதிரி இருக்கும்.

சரி, லேசர்? 2018 ஜூலையில அமெரிக்காவோட எஃப்.டி.ஏ. ஒரு எச்சரிக்கை விட்டுச்சு. யோனியை 'இளமையாக்க' லேசரோ ரேடியோ அலைக் கருவியோ பயன்படுத்தறதுக்குத் தாங்க அனுமதி கொடுக்கல, தீக்காயம், தழும்பு, உடலுறவுல வலின்னு புகார்கள் வந்திருக்குன்னு சொன்னாங்க. 2021-ல ஆஸ்திரேலியாவுல நடந்த ஒரு ஆய்வு வெளியாச்சு. மாதவிடாய் நின்ன பெண்கள்ல பாதிப் பேருக்கு நிஜ லேசர், மீதிப் பேருக்குச் சும்மா பாவனை. ஒரு வருஷம் கழிச்சு அறிகுறிகள்ல பெரிய வித்தியாசமே இல்ல. ரேடியோ அலைக் கருவியில சில சின்ன ஆய்வுகள் பலன் காட்டியிருக்கு. ஆனா சீட்டுப் பணத்தைக் கொட்டற அளவுக்கு உறுதியான சான்று இன்னும் இல்ல.

கிரீமும் அப்படித்தான். 2012-லயே 'எய்ட்டீன் அகெய்ன்'னு ஒரு இறுக்கும் ஜெல்லுக்கு இந்தியாவுல டிவி விளம்பரம் வந்து பெரிய சர்ச்சையாச்சு. படிகாரத்தை உள்ளே வைக்கச் சொல்ற பாட்டி வைத்தியமும் வேண்டாம். அது இறுக்காது. வறள வைக்கும், புண்ணாக்கும்.

அப்போ எது உதவும்? தசைக்குப் பயிற்சி. 1948-ல ஆர்னால்ட் கெகல்ங்கற டாக்டர் எழுதினது, இன்னிக்கும் முதல் சிகிச்சை அதுதான். காத்து பிரியாம அடக்கற மாதிரி, கூடவே சிறுநீரையும் அடக்கற மாதிரி, உள்ளே மேல் நோக்கி இழுங்க. அஞ்சு எண்ணுங்க. முழுசா விடுங்க. எட்டுத் தடவை, ஒரு நாளைக்கு மூணு வேளை, குறைஞ்சது மூணு மாசம். மூச்சைப் பிடிக்காதீங்க, தொடையை இறுக்காதீங்க. சிறுநீர் போகும்போது நிறுத்தி நிறுத்திப் பழகாதீங்க. வலி இருந்தா, முதல்ல டாக்டரையோ பிசியோவையோ பார்த்துட்டுத்தான் ஆரம்பிக்கணும். சிலருக்குத் தசை ஏற்கெனவே இறுகித்தான் இருக்கும்.

வறட்சிக்கு, தண்ணி கலந்த லூப்ரிகன்ட், மாய்ஸ்சரைசர். அது போதலன்னா, டாக்டர் எழுதிக் கொடுக்கற குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம். ரத்தத்துல ரொம்பக் கொஞ்சம்தான் சேரும். மார்பகப் புற்றுநோய் வந்தவங்க கட்டாயம் அதைச் சொல்லிட்டுத்தான் வாங்கணும். இறக்கத்துக்கு, சிலிக்கான் வளையம் ஒண்ணு உள்ளே பொருத்துவாங்க, பெசரின்னு பேரு. அதுக்கும் ஆபரேஷன் வேண்டாம். மாதவிடாய் நின்னு ஒரு வருஷத்துக்கு அப்புறம் ரத்தம் பட்டா மட்டும், ஒரு சொட்டா இருந்தாலும் உடனே மகளிர் டாக்டரைப் பாருங்க.

சித்தி டாக்டர்கிட்ட போனாங்க. கிரீம் எழுதிக் கொடுத்தாங்க. பயிற்சியை நான் சொல்லிக் கொடுத்தேன். தார் சுத்தும்போதே செய்வாங்க, யாருக்கும் தெரியாது. மூணு மாசத்துல கசிவு பாதிக்கு மேல குறைஞ்சது. வலியும் குறைஞ்சுது. முழுசா போயிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன்.

சித்தப்பாகிட்ட யார் பேசறது? சித்தியே பேசினாங்க. "லூஸும் இல்ல ஒண்ணும் இல்ல, எனக்கு வலிச்சுது, அதான்"னாங்களாம். அவர் கொஞ்ச நேரம் தறியை நிறுத்திட்டு, "முன்னாடியே சொல்லியிருக்கலாமே"ன்னாராம். கேட்டிருந்தாதானே சொல்லியிருப்பாங்க!

சீட்டுப் பணத்துல ரெண்டு பேரும் பழனிக்குப் போயிட்டு வந்தாங்க. பஸ்லதான். சித்தி வழியெல்லாம் தண்ணி குடிச்சுட்டே போனாங்களாம்.

உங்க வீட்டுலயும் வெளியே கிளம்பும்போது தண்ணி குடிக்காத ஒரு அம்மாவோ அத்தையோ இருப்பாங்க. 'ஏன்'னு ஒரு தடவை கேளுங்க. உடனே பதில் வராது. கொஞ்சம் காத்திருங்க.