ஆட்டத்தில் ஓர் இடம்

ரமணர் 1896-இல் திருவண்ணாமலைக்கு வருமுன், மதுரையில் கால்பந்து ஆடி மகிழ்ந்த மாணவர். அவருடைய ஆசிரமத்தை அடுத்துச் செல்லும் 14 கிலோமீட்டர்க் கிரிவலப் பாதையில் அனைவரும் ஒருங்கே நடக்கின்றனர். மனநோயினின்று மீள்வோர்க்கு வேண்டுவதும் இத்தகைய துணையே.

2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடிக் காப்பகத் தீயில் 28 மனநோயாளர் மாண்டனர். சங்கிலிகள் அவர்களைத் தப்பவொட்டாது தடுத்தன. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியிடுதலை விலக்கி, சமூகத்தின் நடுவே வாழும் உரிமையை வழங்கியது. ஆயினும், சட்டம் எவரையும் ஆடுகளத்திற்கு அழைத்து வராது. அது நம் கடமை.

மருந்து நோயைத் தணிக்கும். அதனைக் கைவிடாது, மாலைதோறும் பிறரோடு கூடி ஆடுவோர்க்கு உடல் தேறும், தனிமை அகலும், பிறர் தம்மை எதிர்பார்க்கின்றனர் என்னும் நம்பிக்கை பிறக்கும். ஆதலால், உங்கள் ஆட்டத்தில் அவருக்கும் ஓர் இடம் வையுங்கள். நோயின் பெயரால் அன்று, அவர்தம் பெயரால் அழையுங்கள்.