ஆஸ்பத்திரிப் போதகரிடம் கேட்கப்படும் கேள்விகள்

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



நமது மருத்துவமனையை ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் தாங்கிவரும் உங்களில் அநேகர் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர்கள் அல்ல. சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று பல சபைகளிலிருந்தும் உதவி வருகிறது. ஆகவே கேள்விகளும் வருகின்றன. கேட்பது நல்லதே. மனதில் வைத்துக்கொண்டு காணிக்கை அனுப்புவதைவிட, கேட்டுத் தெளிந்து அனுப்புவது எங்களுக்கும் சந்தோஷம்.

அதிகமாய்க் கேட்கப்படுவது சனிக்கிழமையைப் பற்றித்தான். "ஓய்வுநாள் என்று சொல்லி வெளிநோயாளர் பிரிவை மூடுகிறீர்கள், ஆனால் ஆபரேஷன் மட்டும் நடக்கிறதே, அது எப்படி?" வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனி சூரியன் மறையும்வரை நாங்கள் ஓய்வுநாளை ஆசரிக்கிறோம். வெள்ளிக்கிழமை எங்களுக்கு ஆயத்தநாள். துணி துவைத்தல், மருந்துக் கணக்கு, மறுநாள் சமையலுக்கான காய் நறுக்குவது எல்லாம் அன்று மாலைக்குள் முடிந்துவிடும். காத்திருக்கக்கூடிய வேலை காத்திருக்கும். பிரசவ வலி காத்திருக்காது. பதினெட்டு வருஷம் கூனியாயிருந்த ஸ்திரீயை ஆண்டவர் ஓய்வுநாளில் நிமிர்த்தியபோது, மற்ற ஆறு நாளில் வந்து சுகமடையுங்கள் என்று ஜெப ஆலயத் தலைவன் கோபித்தான். மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறீர்களே, இவளை அவிழ்க்கக்கூடாதா என்பதே ஆண்டவர் கொடுத்த பதிலின் சாரம் (லூக்கா 13). எங்கள் நர்சுகளுக்கு அந்தப் பதில் போதும்.

இது வெள்ளைக்காரர் கொண்டுவந்த வழக்கம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அட்வென்டிஸ்ட் சபை 1863-ல் அமெரிக்காவில் அமைப்பாக உருவானது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னரே, 1857-ல், நாசரேத்துக்கு அருகே பிரகாசபுரத்தில் சட்டாம்பிள்ளை என்று அழைக்கப்பட்ட அருமைநாயகம் மிஷனெரிகளைவிட்டுப் பிரிந்து ஒரு சபையை ஏற்படுத்தினார். அந்தச் சபையார் சனிக்கிழமையையே ஓய்வுநாளாக ஆசரித்தார்கள். அட்வென்டிஸ்ட் மிஷனெரிகள் அந்தப் பகுதிக்கு வந்தது பிற்பாடுதான்.

கேன்டீனில் ஏன் பன்றி இறைச்சி இல்லை என்பதற்கு லேவியராகமம் 11-ஐப் பாருங்கள். காப்பி ஏன் இல்லை என்று கேட்பவர்கள் எங்கள் மேல் கொஞ்சம் இரக்கமாயிருக்க வேண்டும், நாங்களும் தமிழர்தான்.

ஆனால் வார்டில் கேட்கப்படும் கேள்வி இவை ஒன்றுமல்ல. "செத்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?" என்பதே அது.

பிறந்து மூன்றாம் நாள் குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாய், மூன்று வேளையாகச் சாப்பிடாமல் சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். ஞானஸ்நானம் கொடுக்காமல் விட்டுவிட்டாயே என்று உறவுக்காரி ஒருத்தி சொல்லிப் போயிருந்தாள். "ஐயா, என் புள்ள நரகத்துலயா கெடக்கும்?" என்று எங்களிடம் கேட்டாள். குழந்தைகளுக்கு நாங்கள் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை, பிரதிஷ்டை மட்டுமே செய்கிறோம் என்பதை அவளுக்கு விளக்க அது நேரமல்ல. "உன் பிள்ளை தூங்குதும்மா. எந்த வேதனையும் அதுக்குத் தெரியாது. எழுப்ப ஆண்டவர் வருவார்" என்றோம். பிள்ளைகளுக்காக அழுத ராகேலிடம், அவர்கள் சத்துருவின் தேசத்திலிருந்து திரும்பி வருவார்கள் என்று கர்த்தர் சொன்ன பகுதியை (எரேமியா 31) வாசித்தோம். "அப்போ பசிக்காதா ஐயா?" என்றாள். பசிக்காது என்றோம். வெகுநேரம் கழித்துக் கஞ்சி கேட்டாள்.

ஆறுதலுக்காகக் கட்டிச் சொன்னதல்ல அது. லாசரு நித்திரையாயிருக்கிறான் என்று சொன்னவர் ஆண்டவர். மரித்தோர் ஒன்றும் அறியார்கள் என்பது பிரசங்கி 9-ல் உள்ளது. உயிர்த்தெழும் நாள்வரை அவர்கள் உறங்குகிறார்கள் என்று விசுவாசிக்கிறோம். முடிவில்லாமல் எரிகிற வேதனை உண்டென்றும் நாங்கள் போதிப்பதில்லை. பாவத்தின் முடிவு அழிவே.

சிலுவையில் தொங்கிய கள்ளன் அன்றே பரதீசுக்குப் போகவில்லையா என்று உங்களில் ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. பழைய கிரேக்கப் பிரதிகளில் காற்புள்ளிகள் இல்லை. "இன்றைக்கு" என்ற சொல்லைப் பரதீசோடும் சேர்க்கலாம், சொல்லுகிறேன் என்பதோடும் சேர்க்கலாம். நம் தமிழ் வேதாகமம் முதலாவதைத் தெரிந்துகொண்டது. நாங்கள் இரண்டாவதைச் சரியென்கிறோம். ஏனெனில் உயிர்த்தெழுந்த காலையில், தாம் இன்னும் பிதாவினிடத்திற்கு ஏறிப்போகவில்லை என்று ஆண்டவரே மரியாளிடம் சொன்னார் (யோவான் 20:17). உங்கள் ஆயர் வேறுவிதமாய் விளக்கலாம். அவரும் வேதத்தைப் படித்தவரே.

இந்த வாதத்தைக் கட்டிலண்டை நாங்கள் கொண்டுபோவதில்லை. அந்தத் தாய் கேட்டதால் சொன்னோம். கேளாதவர்களிடம் ஜெபித்துவிட்டு வந்துவிடுகிறோம். அவரவர் சபைப் போதகர் வந்தால் அறையை அவரிடம் விட்டுவிடுகிறோம். அவர் வர இயலாத நாளில் அடக்க ஆராதனையை நாங்களே நடத்துகிறோம். தங்கள் சபையின் ஜெபப்புத்தகத்தை வாசிக்கச் சொன்னால் அதையே வாசிக்கிறோம். சரீரத்தை ஊருக்குக் கொண்டுபோக வண்டி வாடகை இல்லாதவர்களுக்கு நீங்கள் அனுப்பும் காணிக்கையிலிருந்துதான் கொடுத்தனுப்புகிறோம்.