நோயாளரைப் பேணுவோருக்கு நோய் வந்த வழி

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் வைத்தியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்துருவம்)



கொரோனாவைப் பற்றி இனியும் பேச என்ன இருக்கிறது என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அந்நோயினால் உண்டான அவசரகால நிலை முடிவுற்றதென்று உலக சுகாதார தாபனம் 2023 மே 5ஆந் திகதி அறிவித்துவிட்டது. செயலாளர் வந்து கேட்டபோது நானும் இதையே சொன்னேன். அவர் விடவில்லை. "ஐயா, எங்கள் சங்கத்துப் பிள்ளைகளில் ஆறுபேர் தாதியர் பயிற்சிக்கும் ஆய்வுகூடப் பயிற்சிக்கும் போகிறார்கள். அவர்களுக்காகவேனும் வாருங்கள்" என்றார். அதன்பின் மறுக்க மனம் வரவில்லை.

2020 சனவரி தொடக்கம் 2021 மே வரையுள்ள காலத்தில், உலகமெங்கும் சுகாதார ஊழியருள் ஏறக்குறைய 1,15,000 பேர் இந்நோயினால் இறந்திருக்கலாமென்று மேற்படி தாபனம் மதிப்பிட்டது. திட்டமான கணக்கன்று, 80,000 ஆகவும் இருக்கலாம், 1,80,000 ஆகவும் இருக்கலாமென்று அவர்களே சொல்கிறார்கள். இறந்தவர்களைக்கூடச் சரியாக எண்ண முடியாதிருந்தோம் என்பதை முதலில் மனத்திற் கொள்ளுங்கள். எண்ணப்படாதவர் யார் என்ற கேள்வி பின்னும் வரும்.

ஆஸ்பத்திரி ஊழியருள் யாருக்கு இந்நோய் கூடுதலாகத் தொற்றியிருக்கும்? உங்களைக் கேட்டால், மூச்சு முட்டிக் கிடக்கும் நோயாளியின் தலைமாட்டில் நிற்கும் வைத்தியருக்கும் தாதிக்குமே என்பீர்கள். 2020இன் தொடக்கத்தில் நானும் அப்படித்தான் எண்ணினேன். அவ்வாறு எண்ணுவதற்குக் காரணமும் இருந்தது.

2003ஆம் ஆண்டில் சார்ஸ் என்னும் நோய் பரவியதைப் பெரியோர் மறந்திரார். அதுவும் கொரோனாக் குடும்பத்துக் கிருமியால் வந்ததே. அவ்வாண்டு மார்ச்சு மாதம் ஹொங்கொங்கிலுள்ள பிறின்ஸ் ஒவ் வேல்ஸ் வைத்தியசாலையின் 8ஏ வாட்டில் ஓர் இளைஞர் நியூமோனியாக் காய்ச்சலுடன் சேர்க்கப்பட்டார். நோய் இன்னதென்று எவருக்கும் தெரியாது. மூச்சை இளக்குவதற்காக நெபுலைசர் என்னும் கருவியால் மருந்தைப் புகார்போலாக்கி அவருக்குக் கொடுத்தார்கள். அந்தப் புகாருடன் கிருமியும் வாட்டெங்கும் பரவியதென்று பின்னர் கருதப்பட்டது. அங்கே தொடங்கி அவ்வைத்தியசாலையில் நோயாளரான 138 பேரில் 69 பேர் ஊழியர்: வைத்தியர் 20 பேர், தாதியர் 34 பேர், ஏனையோர் 15 பேர். மருத்துவ மாணவர் 16 பேர் வேறு. பயிற்சிக்குப் போகும் தம்பிமார் தங்கைமார் இந்தப் பதினாறு பேரை மறவாதீர்கள். அவர்கள் பாடம் படிக்க அந்தக் கட்டிலருகே வந்தவர்கள்.

அதே ஆண்டு கனடாவிலே, ரொறன்ரோ நகரில், சார்ஸ் நோயாளியின் அறைக்குள் புகுந்த தாதியர் 32 பேரைப் பற்றி ஆராய்ந்தார்கள். எட்டுப் பேருக்கு நோய் தொற்றியிருந்தது. தொண்டைக்குள் சுவாசக் குழாய் இடும்போது உதவியமை, அதற்குமுன் சளியை உறிஞ்சி எடுத்தமை, ஒட்சிசன் மூடியைத் தொட்டுத் திருத்தியமை ஆகியவையே பெரிய ஆபத்தாகக் காணப்பட்டன. முகக்கவசத்தை ஒருபொழுதும் தளர்த்தாது அணிந்தவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள்.

இந்தப் பாடத்தை உலகம் நன்றாகவே படித்தது. ஆதலினால் 2020இல் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளில் உயர்ந்த முகக்கவசமும் கண்காப்பும் மேலங்கியும் முதலிற் போய்ச் சேர்ந்தன. படித்தது சரியே. ஆனால் வந்த பரீட்சை வேறு.

வூகான் நகரத்து சொங்னான் வைத்தியசாலையில் 2020 சனவரியில் சேர்க்கப்பட்ட 138 நோயாளரைப் பற்றிய அறிக்கை அடுத்த மாதமே வெளிவந்தது. (ஹொங்கொங்கிலும் 138, இங்கும் 138; இது தற்செயலே.) அவர்களுள் 40 பேர் சுகாதார ஊழியர். அந்த நாற்பதின்மருள் அதிதீவிர சிகிச்சைப் பிரிவைச் சேர்ந்தவர் எத்தனை பேர்? இருவர். அவசர சிகிச்சைப் பிரிவில் ஏழு பேர். மற்ற 31 பேரும் சாதாரண வாட்டுகளில் வேலை செய்தவர்கள். வயிற்றுக் கோளாறென்று வந்த ஒரு நோயாளி சத்திரசிகிச்சைப் பிரிவில் அனுமதிக்கப்பட்டிருந்தார். அவர் ஒருவரிடமிருந்தே பத்துக்கு மேற்பட்ட ஊழியருக்கு நோய் தொற்றியதாக நம்பப்பட்டது. வயிற்றுவலிக்காரருக்கு முன்னால் முகத்தை மூடவேண்டுமென்று யாருக்குத் தோன்றும்? முன்னறிவித்தல் செய்து புகழ்பெற்ற லீ வென்லியாங் ஒரு கண் வைத்தியர். கண்ணழுத்த நோய்க்கு வந்த ஒருவரிடமிருந்தே தமக்குத் தொற்றியதென்று அவர் கருதினார். 2020 பெப்ரவரி 7ஆந் திகதி அவர் காலமானார்.

இங்கிலாந்திலும் இவ்வாறே. 2020 ஏப்ரில் இறுதியில் பேர்மிங்ஹாமில் நோய்க்குறி யாதுமின்றி வேலைக்கு வந்த ஊழியரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். நூற்றுக்கு 24 பேருக்கு முன்னரே தொற்று வந்து போயிருந்ததைக் கண்டார்கள். பிரிவு பிரிவாகப் பார்த்தபோது, அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் நூற்றுக்கு 15 பேரளவில். துப்புரவு செய்வோரிலோ நூற்றுக்கு 34 பேருக்கு மேல். ஒக்ஸ்போர்டில் பதினாயிரம் ஊழியரைச் சோதித்தபோதும், தொழில்வாரியாகப் பார்க்கையில் நோயாளரைத் தள்ளிச் செல்லும் சிற்றூழியரும் துப்புரவுத் தொழிலாளருமே முன்னின்றார்கள்.

இஃது ஏன் இவ்வாறாயிற்று? காரணம் ஒன்றல்ல.

முதலாவது, கிருமியின் குணம். சார்ஸ் நோயாளி நோய் முற்றி இரண்டாம் வாரத்தில் கிடக்கும்போதே பெருமளவு கிருமியை வெளிவிடுவார். 2020இல் வந்த கிருமி அப்படியன்று. தொண்டை கரகரக்கத் தொடங்குமுன்பே, அதற்கு ஓரிரு நாளின் முன்பே, அது பிறருக்குப் பரவத் தொடங்கிவிடும். அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்கு நோயாளி வந்து சேர்வதற்குள் அந்த மும்முரம் பெரிதும் தணிந்திருக்கும். ஆகவே ஆபத்து வாசலிலும், வெளிநோயாளர் பிரிவிலும், இன்னும் பெயரிடப்படாத காய்ச்சலிலும் இருந்தது.

இரண்டாவது, காற்று. 2020 மார்ச்சில் இந்நோய் காற்றினாற் பரவுவதன்று என்று உலக சுகாதார தாபனமே அடித்துக் கூறியது. தும்மலில் விழும் பெருந்துளிகளைத் தடுத்தாற் போதுமென்று நாமும் சாதாரண சத்திரசிகிச்சை முகக்கவசத்துடன் வாட்டுக்குள் நடந்தோம். அக்கவசம் கன்னத்தோடு படியாது. மூச்சு விளிம்பினூடே புகுந்துவிடும். அவ்வாண்டு யூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து, சாதாரணமாகப் பேசும்போதும் மூச்சு விடும்போதும் வெளிவரும் நுண்துளிகள் அறையிற் புகைபோல் மிதந்து நிற்குமென்று பகிரங்கமாக எழுதினார்கள். கேம்பிறிட்ஜில் ஒரு பெரிய வைத்தியசாலை 2020 டிசெம்பரில் கொரோனா வாட்டு ஊழியர் யாவருக்கும் முகத்தோடு இறுகப் படியும் வடிகட்டிக் கவசத்தைக் கொடுத்தது. அதற்குமுன் ஏனைய வாட்டுக்காரரிலும் பன்மடங்காயிருந்த அவர்களது தொற்று, பின்னர் ஏனையோரது அளவுக்கே இறங்கியது. அதே வைத்தியசாலையில் வாட்டில் காற்று வடிகட்டும் இயந்திரத்தை ஓட்டியபோது காற்றிலே கிருமி அகப்படவில்லை, நிறுத்தியபோது அகப்பட்டது.

மூன்றாவது, நாம் ஆபத்தென்று கருதாத இடங்கள். ஒக்ஸ்போர்டு ஆராய்ச்சியில் வாட்டினும் பெரிய ஆபத்தாகக் காணப்பட்டது ஊழியரின் சொந்த வீடு. வீட்டில் ஒருவருக்கு நோயிருந்தால் அதற்கு மிஞ்சிய ஆபத்து வேறில்லை. அடுத்தது தேநீர் அறை. எட்டு மணிநேரம் முகத்தை மூடி நின்றவர்கள், ஒரு சிறு அறையில் முழங்காலோடு முழங்கால் முட்டக் கதிரை போட்டிருந்து கவசத்தைக் கழற்றித் தேநீர் குடித்தார்கள். நான் அதைக் குறைகூறேன், நானும் குடித்தவன். நீண்ட நேர வேலையும், களைப்பிலே கையைச் சரியாகக் கழுவாமையும் தொற்றைக் கூட்டியதாக வூகானிலும் கண்டார்கள். கவசத்தை அணிவதிலும் கழற்றுவதே கடினம். களைத்தவன் அவசரமாகத்தான் கழற்றுவான்.

பிரித்தானிய வைத்தியசாலைகளில் ஆசிய, கறுப்பின ஊழியருக்குத் தொற்று கூடியிருந்தமையும் ஒக்ஸ்போர்டிற் காணப்பட்டது. அங்கே நம்மவர் பலர் கடமை புரிவதால் இதை ஒதுக்கிவிட முடியாது. இரத்தத்தில் ஏதோ குறையென்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அந்நாட்டு வைத்தியர் சங்கம் 2020இல் கேட்டறிந்தபோது, போதிய கவசமின்றி வேலைசெய்யும்படி நெருக்கப்பட்டதாகச் சொன்னவர்கள் வெள்ளையரிலும் பார்க்கச் சிறுபான்மை இனத்து வைத்தியருள் ஏறக்குறைய இரு மடங்காயிருந்தனர். "இல்லை" என்று சொல்லத் தயங்குகிறவனுக்கு முன்னால் நோய் தயங்குவதில்லை.

நிற்க. துப்புரவுத் தொழிலாளரைப் பற்றிச் சொன்னேன். அதில் என் பங்கையும் சொல்லவேண்டும்.

2020இல் நான் கடமையாற்றிய இடத்தில், பெயர் வேண்டாம், முகக்கவசம் தட்டுப்பாடாயிருந்தது. வாட்டுவாரியாகப் பட்டியல் எழுதிக் கொடுத்தார்கள். வைத்தியர் இத்தனை, தாதியர் இத்தனை, சிற்றூழியர் இத்தனை என்றிருந்தது. வாட்டைக் கூட்டித் துடைத்து, மலசலகூடம் கழுவி, நோயாளரின் குப்பையைச் சுமந்து சென்ற ஒரு பெண் களஞ்சிய வாசலில் நின்று, "ஐயா, எங்களுக்கும் ஒண்டு கிடைக்குமோ?" என்று கேட்டார். "நீங்கள் கொந்துறாத்து ஆக்கள். உங்கட முதலாளியைக் கேளுங்கோ" என்று களஞ்சியத்தில் மறுமொழி வந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். என் கவசங்களைக் கையில் வாங்கிக்கொண்டு போய்விட்டேன். அந்தப் பட்டியலில் ஒப்பமிட்டவனும் நானே.

பதினைந்து நாளைக்குள் அவருக்குக் காய்ச்சல். அவரைத் தனிமைப்படுத்த அழைத்துச் சென்ற அன்று, அவருடைய வாளியும் தும்புத்தடியும் வாட்டுத் தாழ்வாரத்தில் சாத்தியபடியே நின்றன. எடுத்துவைக்க வேறொருவர் இல்லை. அவர் பிழைத்து வந்தார். ஆனால் சம்பளம் நின்ற நாள்கள் நின்றனவே. இதை இச்சபையிற் சொல்லலாமோ என்று அண்மையில் அவரிடம் கேட்டேன். "சொல்லுங்கோ ஐயா, என்ரை பேரை மட்டும் சொல்லாதேங்கோ" என்றார்.

இந்நாட்டில் 2021 சனவரி 29ஆந் திகதி தடுப்பூசி தொடங்கியபோது சுகாதார ஊழியருக்கே முதலிடம் கொடுக்கப்பட்டது. நல்ல காரியம். தடுப்பூசியினால் கடும் நோயும் மரணமும் வெகுவாகக் குறைந்தன. தொற்று அடியோடு ஒழிந்துவிடவில்லை. அதனால் நான் மேலே சொன்னவை பழங்கதையாகவில்லை. இனிப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள் முதல் நாளே தமது முகத்துக்குப் படியும் கவசம் எது என்று கேட்டு, அணிந்து பார்த்து, விளிம்பால் காற்றுப் போகிறதா என்று பாருங்கள். வெட்கப்படாது கேளுங்கள். உங்கள் வாட்டில் துடைப்பம் பிடிப்பவருக்கும் அது கிடைத்ததா என்று அடுத்ததாகக் கேளுங்கள். உடம்பு சரியில்லையென்றால் விடுப்புக் கேளுங்கள். "சின்னத் தடிமன்தானே" என்று வந்து நின்றவர்களால் வாட்டுகள் மூடப்பட்டதை நான் கண்டிருக்கிறேன்.

பெரியோரிடமும் ஒன்று. நோயாளியைப் பார்க்க ஊரோடு திரண்டு வாட்டுக்குள் வருவதை நாம் அன்பென்று கருதுகிறோம். அன்புதான். ஆனால் இருமலோடு வரும் பெரியப்பாவை, "நாளைக்கு வாருங்கோ" என்று திருப்பி அனுப்பும் தாதியைக் கோபிக்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கும் வீட்டில் ஒரு பெரியப்பா இருப்பார்.

மணி ஆறே முக்காலாகிறது. கேள்வி இருப்பவர்கள் இப்போது கேட்கலாம். அதற்குமுன், பின்வரிசையில் நிற்கும் தம்பிமார் அந்தப் பக்கத்து யன்னல்கள் இரண்டையும் திறந்துவிடுங்கள். நான் வந்த நேரந்தொட்டு அவை பூட்டியே கிடக்கின்றன.