ஆடும் பல்லும் கரையும் எலும்பும்

(மும்பை மாட்டுங்காவில் ஆற்றிய உரை)



பல் ஆடினால் பிடுங்கிவிடுவதே வழி என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆட்டத்திற்குக் காரணம் பெரும்பாலும் பல் அன்று. அதைத் தாங்கும் எலும்பு. பல்லில் படியும் அழுக்கு காரையாக இறுகுகிறது. அதில் தங்கும் நுண்ணுயிர்களால் ஈறு வீங்கி, நாளடைவில் அடியிலுள்ள எலும்பு கரைகிறது. வலி மிகுதியாக இல்லாமையால் நோயாளி காலந்தாழ்ந்தே வருகிறார்.

கரைந்த எலும்பை ஓரளவு மீட்கலாம். ஈற்றுத் தோல் விரைந்து வளர்ந்து காயத்தை அடைத்துவிடாதபடி ஒரு மெல்லிய படலத்தை இடையே வைத்தால், வேரையொட்டிய திசுக்கள் வளர அவகாசம் கிடைக்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த நைமன் குழுவினர் 1982இல் இதைக் காட்டினர். குழியில் எலும்புத் தூளை நிரப்புவது மற்றொரு முறை.

அத்தூள் எங்கிருந்து வருகிறது? இங்குதான் நம் நகரின் பங்கு இருக்கிறது. மருத்துவப் பொருள்களைக் கதிர்வீச்சால் தூய்மைப்படுத்தும் 'ஐசோமெட்' நிலையம், ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியுடன், செம்பூரை அடுத்த டிராம்பேயில் 1974இல் இயங்கத் தொடங்கியது. பரேலில் டாட்டா நினைவு மருத்துவமனையின் திசு வங்கி 1988இல் உருவாயிற்று. கொடையாகப் பெற்ற எலும்பை உறையவைத்து உலர்த்தி, காமாக் கதிர்களால் தூய்மை செய்து அது வழங்குகிறது. பல் மருத்துவர்களும் பெற்றுப் பயன்படுத்துகின்றனர். அணுவை அழிவோடு மட்டும் சேர்த்துப் பேசுவோர் இதையும் நினைக்க வேண்டும்.

ஆயினும் இச்சிகிச்சை எல்லோருக்கும் உரியதன்று. வேரையொட்டி ஆழமாகவும் குறுகலாகவும் விழுந்த குழிகளிலேயே நல்ல பலன் தருகிறது. எலும்பு முழுதும் சீராகத் தேய்ந்திருந்தால் நிரப்புவதற்குக் குழியே இராது. புகைப்பவர்களுக்குப் பலன் குறைவு. வறுத்த புகையிலைப் பொடியான 'மிஷ்ரி'யால் பல் தேய்க்கும் வழக்கமும் மராட்டியத்தில் இன்னும் மறையவில்லை.

பொருளாதாரம் பயின்றவன் கேட்கும் கேள்வி வேறு. தாராவியின் தோல் பட்டறைத் தொழிலாளி மருத்துவமனையில் ஒரு பகலைக் கழித்தால் அன்றைய கூலி போயிற்று. 1933இல் தொடங்கிய நாயர் பல் மருத்துவக் கல்லூரி மாநகராட்சியுடையதுதான். ஆனால் சிகிச்சைக் கட்டணம் குறைவானாலும் இழக்கும் கூலி குறைவதில்லையே! காரையை அகற்றுதல், தேய்க்கும் முறையைக் கற்பித்தல், சில வாரங்கள் கழித்து மறுபடி பார்த்தல் ஆகியவை முடிந்த பின்னரே எலும்பு நிரப்பும் பேச்சு எழ முடியும். அதாவது மூன்று நான்கு பகல்கள்.

ஆகவே, புதிய கருவிகளுக்குப் பணம் ஒதுக்குமுன், தாராவியில் காரை எடுக்கும் வசதி மாலை ஆறு மணிக்குப் பின்னும் கிடைக்க வேண்டும் என்பேன். இது என் சொந்தக் கருத்து; அரசின் கருத்தன்று.