தொட்டில்கள் வெறுமையாகாதிருக்க
(யூபிலி விழாவையொட்டி நடந்த தாய்மார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கோவில் எழும்பிய வரலாற்றை நேற்றும் இன்றும் பலர் எடுத்துரைத்தார்கள். நாம் பேச வந்திருப்பது எந்த வரலாற்றிலும் பெயர் ஏறாத சிலரைப் பற்றி. பழைய பங்கு எதிலும் அடக்கப் பதிவேட்டைப் புரட்டினால், 'வயது மூன்று நாள்', 'வயது இரண்டு மாதம்' என்ற வரிகள் கண்ணில் படும். நம் பாட்டிமார், "பெற்றது ஒன்பது, தங்கியது ஐந்து" என்பார்கள். சொல்லும்போது அழமாட்டார்கள். அவ்வளவுக்குப் பழகிப் போயிருந்தது.

1971-இல் நம் நாட்டில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் முதலாண்டு நிறைவைக் காணவில்லை. 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி அது 28. தமிழ்நாட்டில் 13, கேரளத்தில் 6, மத்தியப் பிரதேசத்தில் 43. ஒரே நாட்டில் ஏன் இத்தனை ஏற்றத்தாழ்வு? குழந்தை ஒன்றுதான், அது பிறக்கும் இடந்தான் வேறு.

சாவைக் குறைத்தவை பெரிய அதிசயங்கள் அல்ல. தொப்புள்கொடியைத் துருப்பிடித்த கத்தியால் அறுத்துச் சாம்பலும் சாணியும் வைத்த காலத்தில், ரணஜன்னி கண்டு எத்தனையோ சிசுக்கள் மாண்டன. கர்ப்பிணிக்குத் தடுப்பூசி, சுத்தமான பிளேடு, இவ்வளவுதான் மாற்று. இந்தியாவில் தாய் சேய் ரணஜன்னி ஒழிந்ததாக 2015-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. வயிற்றுப்போக்கின் கதையும் அப்படியே. 1971-இல் வங்காளதேச அகதிகள் மேற்கு வங்கத்துப் போன்காவ் முகாமில் காலராவால் மடிந்தபோது, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துவிட்டது. டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை உறவினர்கள் கையிலேயே கொடுத்து ஊட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு நான்குக்கும் கீழே வந்தது.

வீட்டில் நாம் செய்யவேண்டியதும் உண்டு. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். அதைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சேனை வைக்கும் வழக்கம் இன்னும் முற்றிலும் போகவில்லை. சேனை வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வருமாம்! குணம் வருகிறதோ இல்லையோ, கிருமி வருகிறது.

ஆனால் எல்லாப் பழியையும் தாயின் தலையில் போடுவது நியாயமல்ல. 2020-இல் ஆயிரத்துக்கு 28 என்று சொன்னோமே, அதில் 20 குழந்தைகள் முதல் 28 நாட்களுக்குள் போனவை. குறைமாதம், எடைக்குறைவு, பிறந்தவுடன் மூச்சுத்திணறல், கிருமித்தொற்று ஆகியவையே பெரும்பாலும் காரணம். மூச்சு விடாத சிசுவுக்கு முதல் ஒரு நிமிடத்தில் காற்றூட்டத் தெரிந்த நர்ஸ் பக்கத்தில் இருக்க வேண்டும். நள்ளிரவிலும் இருக்க வேண்டும். பணம் உள்ளவர் காரேறி நகரத்துக்குப் போய்விடுவார். கூலிவேலை செய்யும் பெண்ணுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தை விட்டால் யார் கதி?

இங்கே ஒரு கசப்பான உண்மை. வசதி வந்ததும் நம்மில் பலர் அரசு மருத்துவமனைப் பக்கம் திரும்புவதில்லை. அங்கே செவிலியர் பணியிடம் காலியானால், கேட்கத் தெரிந்தவர்களுக்கு அது தெரிவதே இல்லை. தெரிந்த ஏழைக்குக் கேட்கத் துணிவில்லை. தர்ம ஆஸ்பத்திரி என்று நாம் இளக்காரமாகச் சொல்லும் இடம் நம் வரிப்பணத்தில் நடக்கிறது.

சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது அரசே வகுத்த அளவு. நம் பகுதியில் அது எப்படி இருக்கிறது, இரவில் யார் இருக்கிறார்கள், மருந்து இருப்பு என்ன என்பதை அக்டோபர் 2 அன்று கிராம சபையில் எழுந்து கேட்கலாம். தீர்மானமாக எழுதச் சொல்லலாம். வர விரும்பும் தாய்மார்கள் ஞாயிறு பூசை முடிந்ததும் மாதர் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். ஆண்களும் வரலாம்.