நகையை எடுக்கிறாளா, வைக்கிறாளா?



பாரிஸில் உள்ள க்ளூனி அருங்காட்சியகத்தின் மங்கலான அறை ஒன்றில் 6 பெரிய திரைகள் தொங்குகின்றன. கம்பளியும் பட்டும் சேர்த்து 1500ஆம் ஆண்டை ஒட்டி நெய்தவை. 'சீமாட்டியும் யூனிகார்னும்' என்று இன்று அழைக்கிறோம். யூனிகார்ன் என்பது நெற்றியில் ஒற்றைக் கொம்புள்ள கற்பனைக் குதிரை. நெய்யச் சொன்ன லெ விஸ்த் குடும்பத்தின் சின்னமான மூன்று பிறைகள் திரைதோறும் கொடியில் பறக்கின்றன. காசு கொடுத்தவருக்கு அடையாளம் இருக்கிறது. கை நோக நெய்தவரின் பெயர் ஒரு மூலையில்கூட இல்லை.

ஐந்து திரைகள் ஐம்புலன்களுக்கு. சுவை, ஓசை, மணம், தொடுகை பற்றிய நான்கிலும் கண் நிறைய அழகு. என்னை நிறுத்தி வைப்பது பார்வைக்கான திரைதான். யூனிகார்ன் முன்னங்கால்களைச் சீமாட்டியின் மடியில் வைத்திருக்கிறது. அவள் பிடித்திருக்கும் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொள்கிறது. அவளோ கண்ணாடியைப் பார்க்கவில்லை. இமைகள் பாதி இறங்கியிருக்கின்றன. மடியில் இத்தனை அன்பாக ஒரு பிராணி சாய்ந்திருக்க, முகத்தில் எங்கிருந்து வந்தது இந்தச் சோர்வு?

இதை நெய்தவரை நினைத்துப் பாருங்கள். அக்காலத் தறியில் திரையின் பின்பக்கம்தான் நெய்பவரின் கண்முன் இருக்கும். முடிச்சும் நூல்முனையுமாகத் தெரியும், முகம் மறுபக்கம். பாவுக்குள் ஊடையை ஓர் இழை கூட்டி, ஓர் இழை குறைத்து அந்த இமையை இறக்கியிருக்கிறார். எந்தத் துயரத்தை அறிந்த விரல்களோ!

ஆறாவது திரையில் நீல நிறக் கூடாரம். அதன் மேல் 'என் ஒரே விருப்பத்துக்கு' என்ற பொருளில் பிரெஞ்சு வாசகம். சீமாட்டியின் கைகளில் நகை. பக்கத்தில் பணிப்பெண் திறந்த பெட்டியோடு நிற்கிறாள். நகையைப் பெட்டியிலிருந்து எடுக்கிறாளா, கழற்றி வைக்கிறாளா? அறிஞர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை.

வைக்கிறாள் என்றே எனக்குப் படுகிறது. ஐந்து புலனின் இன்பங்களையும் காட்டி முடித்தவர், ஆறாவதில் அலங்காரத்தைத் தொடங்கியிருக்க மாட்டார். பார்வைத் திரையில் இறங்கிய அந்த இமைகளிலேயே விடைபெறல் ஆரம்பித்துவிட்டது. ஆனால் கசப்போடு துறப்பவளின் முகமில்லை இது. மனமொப்பிக் கொடுப்பவளின் அமைதி.

பிரெஞ்சு எழுத்தாளர் ப்ரோஸ்பெர் மெரிமே 1841இல் பூசாக் கோட்டையில் கண்டபோது இந்தத் திரைகள் ஈரத்தில் பழுதாகிக் கிடந்தன. 1882இல் அருங்காட்சியகம் வாங்கியது. பிறகு கீழ்ப்பகுதியைப் புதிதாக நெய்து சேர்த்தார்கள். அந்தப் புதுச் சிவப்பு இன்று வெளிறிவிட்டது. பெயரில்லாத அந்தப் பழைய கைகள் வேர்ச்சாயத்தில் தோய்த்த சிவப்போ 500 ஆண்டு கடந்தும் ஆழமாக நிற்கிறது.

அந்தச் சிவப்பின் நடுவே, நகை இன்னும் அவள் கையில்தான். பணிப்பெண் பெட்டியைத் திறந்து பிடித்தபடியே நிற்கிறாள்.